பாரம் இறக்கிய பீட்சா

பீட்சா சாப்பிட்டால் வயிறு மந்தமாகும், மறுநாள் மதியம் வரை பசிக்காது, உடம்புக்கு ஆகாது என்று நம் வீடுகளில் ஒரு முடிவு இருக்கிறது. அது பீட்சாவின் சுபாவம் இல்லை. நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் ஏறிய பாரம். டோமினோஸ் டெல்லியிலும் பீட்சா ஹட் பெங்களூரிலும் இந்தியாவில் தங்கள் முதல் கடைகளைத் திறந்தது 1996இல். இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் பிறந்த ரொட்டி, கப்பலேறி அமெரிக்கா போய், அங்கே பல பத்தாண்டுகள் தங்கி, அடி தடித்து, சீஸ் ஏறி, எண்ணெய் ஊறிய பிறகுதான் நம் வாய்க்கு எட்டியது. நாம் பார்த்த முதல் பீட்சாவே அந்தத் தடித்த பீட்சாதான் என்பதால், அதுதான் அசல் என்று எண்ணிக்கொண்டோம்.

நான் பேக்கரிக்காரர் மகள். நாகர்கோவிலில் அப்பாவுக்கு போர்மா என்ற விறகடுப்பு வைத்த பேக்கரி இருந்தது. ரொட்டி, பன், ரஸ்க், வெட்டுக்கேக் என்று மாவோடு மாவாக வளர்ந்தவள். இப்போது குடும்பம் திருநெல்வேலியில். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை; எனக்குக் கொலஸ்ட்ரால் எல்லைக்கோட்டில் நிற்கிறது; கல்லூரி போகும் மகளுக்கும் பள்ளி போகும் மகனுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் பீட்சா வேண்டும். இந்த நாலு பேருக்கும் ஒரே மாவில், ஒரே அடுப்பில் சுட்டுக் கொடுப்பதுதான் என் வாடிக்கை. அதற்காக நான் காலிஃபிளவரை அரைத்து அடித்தட்டு செய்வதில்லை; ஓட்ஸ் பொடிப்பதில்லை. பழைய பீட்சாவில் இல்லாமல் பிறகு வந்து சேர்ந்ததைக் கழித்துவிடுகிறேன். பாரம் தானாக இறங்கிவிடுகிறது.

நேப்பிள்ஸ்காரர்களின் அளவு

பீட்சா ஏழைகளின் சாப்பாடாகப் பிறந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா 1840களில் வெளியிட்ட தன் பயணநூலில், நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் குளிர்காலத்தில் பீட்சாவையும் கோடையில் தர்பூசணியையும் தின்று வாழ்வதாக எழுதினார். தெருவில் விற்ற மலிவுச் சாப்பாடு அது. விலையுயர்ந்த சீஸை அள்ளிக் கொட்ட அங்கே யாரிடமும் காசு கிடையாது.

அந்த அளவு இன்றைக்கும் எழுத்தில் இருக்கிறது. நேப்பிள்ஸ் பீட்சாவின் மரபைக் காக்க 1984இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பீட்சாவை மரபுவழிச் சிறப்பு உணவாகப் பதிவு செய்து, செய்முறையைச் சட்டமாகவே அச்சிட்டது. 2017இல் யுனெஸ்கோ, நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞர்களின் கைத்தொழிலை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அந்த 2010 விதியைப் படித்தபோது எனக்குப் பல சந்தேகங்கள் தீர்ந்தன. மாவில் சேர்வது நான்கே பொருள்: தவிடு நீக்கிய கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது, பால் கிடையாது. விட்டம் அதிகபட்சம் 35 சென்டிமீட்டர். நடுப்பகுதியின் கனம் 0.4 சென்டிமீட்டர், அதாவது 4 மில்லிமீட்டர். ஓரம் மட்டும் 1 முதல் 2 சென்டிமீட்டர் உப்பியிருக்கலாம். மார்கரீட்டா வகைக்கு மேலே போடுவது 60 முதல் 80 கிராம் தக்காளி, 80 முதல் 100 கிராம் மொசரெல்லா சீஸ், 4 முதல் 5 கிராம் ஆலிவ் எண்ணெய். எண்ணெயின் அளவு ஒரு தேக்கரண்டிதான்.

35 சென்டிமீட்டர் வட்டத்துக்கு 100 கிராம் சீஸ் என்றால், நம் வீட்டு அடுப்பில் அடங்கும் 25 சென்டிமீட்டர் வட்டத்துக்கு எவ்வளவு? வட்டத்தின் பரப்பு பாதியாகிவிடுகிறது. ஆகவே சீஸும் பாதி: 40 முதல் 50 கிராம். “சீஸை இப்படிக் கஞ்சத்தனமா போட்டிருக்கியேம்மா” என்று மகன் முணுமுணுக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் எடுத்துக்காட்டுவேன். நான் போடுவது குறைத்த அளவே கிடையாது. அதுதான் ஊரறிந்த அளவு.

பாரம் எதில் ஏறுகிறது?

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் விஷயம் வெட்டவெளிச்சம். 100 கிராம் மாவில் சுமார் 350 கலோரி. 100 கிராம் மொசரெல்லாவில் சுமார் 300. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. தக்காளியும் காய்கறியும் கணக்கில் பெரிதாக வருவதில்லை.

25 சென்டிமீட்டரில் தடித்த பீட்சா ஒன்றை வீட்டிலேயே செய்வதாக வைத்துக்கொள்வோம். மாவு 180 கிராம், பிசையவும் தட்டில் தடவவும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், சீஸ் 130 கிராம், மேலே இரண்டு மேசைக்கரண்டி மயோனைஸ், காய்கறி. கூட்டினால் 1,470 கலோரிக்குப் பக்கம் வருகிறது. அதே வட்டத்தில் மாவு 100 கிராம், சீஸ் 50 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, தக்காளியும் காய்கறியும் அதேபோல என்று செய்தால் சுமார் 570. வித்தியாசம் 900 கலோரி. இதில் மாவைக் குறைத்ததால் மிஞ்சியது 280. சீஸ், எண்ணெய், மயோனைஸ் மூன்றிலும் சேர்த்து மிஞ்சியது 620. மைதாவைத் திட்டுகிற அளவுக்கு இந்த மூன்றையும் யாரும் திட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

இதே காரணத்தால்தான் காலிஃபிளவர் பீட்சாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. காலிஃபிளவரில் மாவைப்போல ஒட்டிப் பிடிக்கும் தன்மை கிடையாது. அதைத் தட்டையாகப் பிடித்துவைக்க முட்டையும் சீஸும் சேர்க்கச் சொல்கிறார்கள். மாவைக் கழித்துவிட்டு, அந்த இடத்தில் கொழுப்பை ஏற்றுவதில் என்ன லாபம்? பன்னீரைப் போட்டால் லேசாகிவிடும் என்பதும் அப்படித்தான். முழுக்கொழுப்புப் பாலில் செய்த பன்னீரின் கலோரி மொசரெல்லாவுக்கு அதிகம் இளைத்ததில்லை.

மாவுக்கு நேரம் கொடுங்கள்

மைதா குடலில் பசையாக ஒட்டிக்கொள்ளும் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படி ஒட்டுவதில்லை. அது மற்ற மாவுச்சத்தைப் போலவே செரித்து இரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்கிறது. வேகமாகச் சேர்கிறது என்பதுதான் வில்லங்கம். தவிடும் முளையும் நீங்கிய மாவு என்பதால் 100 கிராம் மைதாவில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. முழுக்கோதுமை மாவில் சுமார் 11 கிராம்.

அப்படியானால் முழுவதும் கோதுமை மாவிலேயே செய்யலாமே? செய்யலாம், சப்பாத்தி கிடைக்கும். மாவில் தண்ணீர் சேர்ந்ததும் அதிலுள்ள புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலை உண்டாகிறது. ஈஸ்ட் வெளிவிடும் வாயுவை அந்த வலைதான் பிடித்துவைக்கிறது. தவிட்டுத் துணுக்குகள் அந்த வலையை அங்கங்கே அறுத்துவிடும். அதனால் நான் ஐந்தில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு கோதுமை மாவு சேர்க்கிறேன். நார்ச்சத்து இரண்டு மடங்காகிறது. ரொட்டியும் ரொட்டியாகவே இருக்கிறது. கேழ்வரகு மாவு பிடிக்குமென்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். அதில் குளூட்டனே இல்லை, வட்டம் விரியும்போதே கிழியும்.

அப்பா மாவு விஷயத்தில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: “ஈஸ்ட அள்ளிப் போடாத மக்ளே. நேரத்தப் போடு.” அவசரத்துக்கு ஈஸ்ட்டைக் கூட்டினால் மாவு ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சுட்டால் வெறும் மாவு ருசி. அந்த ருசிக்குறைவை மறைக்கத்தான் சர்க்கரையும் எண்ணெயும் மேலே கூடுதல் சீஸும் தேவைப்படுகின்றன. கொஞ்சம் ஈஸ்ட் போட்டு ஓர் இரவு முழுக்க விட்டால், இட்லி மாவைப் போலத்தான், காத்திருந்த நேரமே மணமாக மாறிவிடும். மாவே ருசித்தால் மேலே கொட்டுவதற்கு அவசியம் குறைகிறது. லேசான பீட்சாவின் இரகசியம் என்று ஒன்று இருந்தால், அது முதல்நாள் இரவில் இருக்கிறது.

நேரம் இன்னொரு வேலையும் செய்கிறது. பிசைவதை மிச்சம் பிடிக்கிறது. நியூயார்க்கில் ஜிம் லாஹி என்ற பேக்கரிக்காரர் பிசையாமலே ரொட்டி செய்யும் முறையை 2006இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாக உலகம் முழுக்கப் பரப்பினார். தண்ணீர் தாராளமாக, ஈஸ்ட் கொஞ்சமாக, நேரம் நீளமாக இருந்தால் குளூட்டன் வலை தானே பின்னிக்கொள்ளும் என்பதுதான் அதன் அடிப்படை. கை வலிக்கிறது, தோள் வலிக்கிறது என்பவர்களுக்கும் இதனால் ரொட்டி எட்டிவிட்டது.

ஐந்து பீட்சாவுக்கு என் அளவு

மைதா 300 கிராம், கோதுமை மாவு 200 கிராம், தண்ணீர் 340 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் உப்பை 7 கிராமாகக் குறைக்கலாம்.

இரவு ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்குக் கலந்தால் போதும். மாவு பிசுபிசுவென்று கையில் ஒட்டும். பயந்து மேலும் மாவைத் தூவ வேண்டாம். மூடி அரை மணி நேரம் வையுங்கள். கையை நனைத்துக்கொண்டு மாவின் ஓரத்தைப் பிடித்து இழுத்து நடுவில் மடியுங்கள்; பாத்திரத்தைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் இப்படிச் செய்ததும் மாவு வழுவழுப்பாகிவிடும். இன்னும் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் தள்ளுங்கள். நம் ஊர்ச் சூட்டில் இரவு முழுக்க வெளியே விட்டால் விடிவதற்குள் புளித்து இளகிவிடும்.

மறுநாள் மாலை சுடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் எடுத்து ஐந்தாகப் பிரித்து உருட்டி, ஈரத்துணியால் மூடிவையுங்கள். ஓர் உருண்டை 170 கிராம் இருக்கும். எல்லாவற்றையும் சுட வேண்டாம் என்றால் மீதி உருண்டைகள் எண்ணெய் தடவிய டப்பாவில் இன்னும் இரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருக்கும். மணம் கூடுமே தவிரக் குறையாது.

வட்டத்தைக் கையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அமுக்கி விரித்தால் ஓரம் உப்பி வரும். அது நேப்பிள்ஸ் பாணி. கை பழகவில்லை என்றால் சப்பாத்திக் கட்டையை எடுங்கள், குற்றமில்லை. ரோமில் மெல்லிய மொறுமொறு பீட்சாவைக் கட்டையால்தான் தேய்க்கிறார்கள். 25 சென்டிமீட்டருக்கு விரித்தால் கனம் சரியாக வந்துவிடும்.

சூடுதான் பாதி வேலை

நேப்பிள்ஸ் விறகடுப்பின் தளம் 485 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். அதில் பீட்சா வேக 60 முதல் 90 விநாடி போதும். மாவின் ஈரம் உள்ளே இருக்கும்போதே வெளியே பொரிந்துவிடுவதால்தான் எண்ணெய் இல்லாமலே அது மெத்தென்று அமைகிறது. நம் வீட்டு ஓடிஜி என்ற மின் அடுப்பு 230 அல்லது 250 டிகிரியோடு நின்றுவிடும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் தட்டில் எண்ணெயை ஊற்றி, மாவை அதில் பொரிய வைக்கிறார்கள். மொறுமொறுப்பு வருகிறது, கூடவே பாரமும் வருகிறது.

எண்ணெய்க்குப் பதில் இரும்பை நம்புங்கள். கைப்பிடி இல்லாத கனத்த இரும்பு தோசைக்கல்லை அடுப்புக்குள் வைத்து, உச்சச் சூட்டில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காயவிடுங்கள். அடுப்பின் காற்று 250 டிகிரிதான் என்றாலும், கனத்த இரும்பில் சேர்ந்திருக்கும் சூடு மாவு பட்ட கணமே வேகமாக அதற்குள் இறங்கும். போர்மாவிலும் இதே தத்துவம்தான். விறகை உள்ளேயே எரித்து, கங்குகளை வாரி எடுத்துவிட்டு, செங்கல் தளத்தில் சேர்ந்த சூட்டில் ரொட்டியைச் சுடுவார்கள். ஒரு பிடி மாவைத் தளத்தில் வீசி, அது கருகுகிறதா சிவக்கிறதா என்று அப்பா பார்ப்பார். சூடு குறையக் குறைய முதலில் ரொட்டி, பிறகு பன், கடைசியில் ரஸ்க் உள்ளே போகும்.

விரித்த மாவைக் கல்லுக்கு மாற்றுவதுதான் பலருக்கும் பயம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் கொஞ்சம் ரவை தூவி, அதன்மேல் வட்டத்தைப் போட்டு மேற்பூச்சு வையுங்கள். ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்து, வழுக்குகிறது என்றால் கல்லின்மேல் சறுக்கிவிடுங்கள். ரவைமணிகள் உருண்டு வழிவிடும். ஆறு முதல் எட்டு நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகி, அங்கங்கே கரும்புள்ளி விழும். நான்ஸ்டிக் கல்லையும் பிளாஸ்டிக் அல்லது மரக் கைப்பிடி போட்ட கல்லையும் அடுப்புக்குள் வைக்கவே கூடாது.

ஓடிஜி இல்லாத வீட்டில் கேஸ் அடுப்பும் தோசைக்கல்லும் போதும். கல் நன்றாகக் காய்ந்ததும் வட்டத்தைப் போட்டு, அடியில் புள்ளி விழும்வரை வேகவிட்டுத் திருப்புங்கள். தீயைத் தணித்து, வெந்த பக்கத்தில் தக்காளியும் சீஸும் வைத்து, ஒரு மூடியால் மூடி நாலைந்து நிமிடம் விடுங்கள். மூடியில் நீர் கோத்துச் சொட்டினால் மாவு நமுத்துப்போகும். நடுவே ஒருமுறை மூடியை எடுத்துத் துடைத்துவிட்டு மூடுங்கள். இதில் எண்ணெய் சொட்டுகூட வேண்டியதில்லை.

மேலே என்ன, எவ்வளவு

தக்காளியை வதக்கித் தொக்காக்காதீர்கள். நேப்பிள்ஸில் தக்காளியைப் பச்சையாகக் கசக்கித்தான் தடவுகிறார்கள். அது வேகுவது அடுப்புக்குள் மட்டும். சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளியைப் பாதியாக நறுக்கி, விதையைப் பிழிந்துவிட்டு, கேரட் துருவியில் துருவுங்கள். தோல் கையில் தங்கிவிடும். துருவலைச் சற்று நேரம் வடிகட்டியில் வைத்துத் தண்ணீரை இறக்குங்கள். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம். அதை ரசத்துக்கு விட்டுவிடலாம். தக்காளி கெச்சப் வேண்டவே வேண்டாம். பொதுவாக 100 கிராம் கெச்சப்பில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும்.

சீஸ் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பொருட்பட்டியலைப் படியுங்கள். பால், உப்பு, உறைபொருள் என்று முடிந்தால் அது சீஸ். தாவர எண்ணெய் என்று கண்டால் அது பால் சீஸே இல்லை, வைத்துவிட்டு வாருங்கள். கட்டியாக வாங்கி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு நாமே மெல்லிசாகத் துருவினால், அதே 50 கிராம் கூடுதல் இடத்துக்குப் பரவும். இடைவெளி விட்டுத் தூவுங்கள், தக்காளியின் சிவப்பு நடுநடுவே தெரிய வேண்டும்.

சீஸ் நூலாக இழுபட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. மொசரெல்லா செய்யும்போது பால்கட்டியை அளவாகப் புளிக்கவைத்து, வெந்நீரில் போட்டு இழுத்து இழுத்துப் பிசைகிறார்கள். புரத இழைகள் ஒரே திசையில் நீண்டு அமைவதால்தான் உருகும்போது நூல் வருகிறது. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து திரிக்கும் பன்னீரில் இந்த அமைப்பே கிடையாது. எத்தனை நேரம் சுட்டாலும் அது உருகாது. கடித்து மெல்லப் பன்னீர் நல்லது, உருக்கிப் பார்க்க அது உதவாது. நூல் வருவதற்குச் சூடுதான் முக்கியம். அடுப்பிலிருந்து எடுத்த உடனே வெட்டித் தட்டில் வையுங்கள். ஆறிப்போன பிறகு 200 கிராம் கொட்டியிருந்தாலும் இழுபடாது.

காய்கறியின் எதிரி அதனுள்ளே இருக்கும் தண்ணீர். குடைமிளகாய், காளான், கத்தரிக்காய், சுரைக்காய் எதுவானாலும் மெல்லிசாக அரிந்து, காய்ந்த கல்லில் எண்ணெய் இல்லாமல் வாட்டிவிட்டுப் பிறகு பீட்சாவில் வையுங்கள். வெங்காயத்தைப் பச்சையாக, ஊடுருவிப் பார்க்கும் மெல்லிசில் போடலாம். எதுவும் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். காய் உடம்புக்கு நல்லதுதானே என்று குவித்தால், அடிமாவு வேகாமல் நடுவில் களியாகிவிடும். அந்த ஈரத்தைச் சமாளிக்கச் சீஸைக் கூட்டத் தோன்றும். மிச்சக் காயைத் தட்டின் ஓரத்தில் சாலடாக வையுங்கள்.

மணத்துக்குக் கடையில் விற்கும் இலைத்தூள் பொட்டலம் கட்டாயமில்லை. பீட்சாவில் போடும் பேசில் இலை, சப்ஜா விதை தரும் நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம்தான். தாவரவியலில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஓசிமம் பாசிலிக்கம். நம்முடையது வாசனையில் கொஞ்சம் காட்டம், நாலு இலை போதும். பீட்சா வெந்து வெளியே வந்த பிறகு கிள்ளிப் போட வேண்டும். ஒரிகானோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள், நம் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியிலும் இருக்கிறது. ஒரு சிறு இலையைப் பொடியாக அரிந்து தக்காளியில் கலந்து பாருங்கள். இரண்டு இலை போட்டால் இருமல் மருந்து ஞாபகம் வந்துவிடும்.

பரிமாறும் வரிசை

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தப் பீட்சா ஒன்றில் 100 கிராம் மாவு, அதில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. பாதி சாப்பிட்டால் இரண்டு சப்பாத்தி மாவு உள்ளே போனதாக அர்த்தம். என் வீட்டுக்காரருக்குப் பாதிதான். அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் வெள்ளரி, கேரட், தக்காளி சாலடும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் சாப்பிட்டாக வேண்டும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் தின்றுவிட்டு மாவுச்சத்துக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவரவருக்கு உரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். வரிசை எல்லோருக்கும் பொருந்தும்.

உப்பையும் ஒரு கண் பார்க்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மேலே சொன்ன அளவில் ஒரு பீட்சாவின் மாவில் மட்டும் 2 கிராம் உப்பு இருக்கிறது. சீஸிலும் இருக்கிறது. ஆகவே தக்காளியில் உப்புப் போடாதீர்கள். உப்பில் ஊறிய ஆலிவ், புட்டி ஹாலபினோ மிளகாய் எல்லாம் நாலைந்து வில்லையோடு நிற்கட்டும். சுண்டலிலும் உப்பு அரையாக இருக்கட்டும்.

ஐந்து உருண்டையையும் சுட்டு அடுக்கிவிட்டுச் சாப்பிடக் கூப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஒன்று வெந்து வரும், நடு மேசையில் வைத்து வெட்டுவோம், அது தீர்ந்த பிறகே அடுத்தது அடுப்புக்குள் போகும். வேக எட்டு நிமிடம், கல் மறுபடி காய ஐந்து நிமிடம். இந்த இடைவெளியில் சாலடும் சுண்டலும் பேச்சும் ஓடும். வயிறு நிறைந்ததைச் சொல்ல அதற்கும் நேரம் கிடைக்கும். நாலு பேருக்கு மூன்று பீட்சாவோடு முடிந்துபோகிற ஞாயிறுகள் உண்டு. மிஞ்சிய உருண்டைகளைத் திங்கட்கிழமை காலை மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் வாட்டினால் பருப்புக் குழம்புக்கு நல்ல துணை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: முதல் வட்டத்தை மரினாராவாகச் சுடுங்கள். தக்காளி, சீவிய பூண்டு, ஒரிகானோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய். அவ்வளவுதான், சீஸ் அறவே கிடையாது. இதுவும் அந்த 2010 விதியில் மார்கரீட்டாவுக்குச் சமமாக எழுதப்பட்ட பீட்சாதான். நேப்பிள்ஸில் 1870இல் தொடங்கிய த மிகேலே கடை நெடுங்காலம் விற்றது மரினாரா, மார்கரீட்டா என்ற இரண்டே வகை. சீஸின் மறைப்பு இல்லாததால் மாவு புளித்த பக்குவம், உப்பு, கல்லின் சூடு எல்லாம் நாக்கில் உடனே தெரியும். மாவு சப்பென்று இருந்தால் அடுத்த வாரம் இன்னும் நாலு மணி நேரம் கூட்டிப் புளிக்க விடுங்கள். அடி வெளுத்திருந்தால் கல்லை இன்னும் பத்து நிமிடம் காயவிடுங்கள். அந்தச் சீஸில்லாத பீட்சாவை வீட்டில் உள்ளவர்கள் முகம் சுளிக்காமல் தின்று முடித்துவிட்டால், அடுத்த வட்டத்துக்கு 50 கிராம் சீஸே தாராளம்.